ஏழும் இருபத்திரண்டும்

அந்தத் தெருவில் அந்த வீட்டுக்கு மார்க் வீடு என்று பெயர். யார் வைத்தார்களோ தெரியாது, பொருத்தமாகத்தான் வைத்திருந்தார்கள். மாமனார் முப்பத்தாறு வருஷம் கணக்கு வாத்தியார். மாமியார் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். மூத்த மகன் இயற்பியல், இளையவன் விளையாட்டு வாத்தியார், மூத்த மருமகள் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல். சமையலறை வாசலை ஒட்டிய சுவரில் ஒரு கரும்பலகை தொங்கியது. கேஸ் மாற்றிய தேதி, யார் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருகிறார்கள், தண்ணீர்த் தொட்டி எப்போது கழுவியது என்று எல்லாம் அதில் ஏறிவிடும். சாப்பிட்டு முடித்ததும் மாமனார், "பத்துக்கு ஏழரை" என்று சொல்லிவிட்டுத்தான் கை கழுவப் போவார். அவர் தலை மறைந்ததும் மாமியார், அவர் சாப்பிட்ட லட்சணத்துக்கு நாலு போடுவார்.

அந்த வீட்டில் மார்க்குக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாமல் இருந்தவள் சின்ன மருமகள் ஒருத்திதான். பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் கோட்டை விட்டவள். அழகு நிலையத்தில் வேலை பார்த்தவள். விளையாட்டு வாத்தியாரைக் காதலித்து, இரண்டு வீட்டையும் ஒரு வழி பண்ணிக் கல்யாணம் செய்துகொண்டவள். பெரிய மருமகள் அவளிடம் அன்பாகத்தான் இருந்தாள். தன்னைவிடக் கீழே இருப்பவர்களிடம் அன்பாக இருப்பது பெரியவளுக்குச் சின்ன வயதிலிருந்தே சுலபமாக வரும். வகுப்பில் எப்போதும் முதல் இடத்தில் இருந்தவளுக்கு அது ஒன்றும் கஷ்டமில்லை.

பிள்ளை விஷயத்தில்தான் அந்த முதல் இடம் ஆட்டம் கண்டது. பெரியவளுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். இரண்டு முறை உண்டாகி, இரண்டு முறையும் மூன்றாம் மாதத்திலேயே கலைந்துவிட்டது. மூன்றாவது முறை வாயைத் திறக்காமல் நாலு மாதம் ஓட்டிவிட்டு, வீட்டில் சொல்லலாமா வேண்டாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்த வாரத்தில், கல்யாணமாகி ஆறே மாதமான சின்னவள் துள்ளிக்கொண்டு வந்தாள். "அக்கா, நான் உண்டாகியிருக்கேன் போல!" என்றாள். கணக்குப் பார்த்தால் இருவருக்கும் பத்து நாள்தான் வித்தியாசம். பெரியவள் அவளைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்ட கை அப்படியே இருக்க, பிள்ளை இருக்கிற வயிறு என்றும் பார்க்காமல் உள்ளே எரிந்தது.

ஏழாம் மாதம் முடியும்போது வெயில் உச்சத்தில் இருந்தது. பெரியவளின் ஆய்வுக்கூடம் மூன்றாவது மாடியில், தகரக் கூரைக்குக் கீழே இருந்தது. முப்பது மாணவிகள் முப்பது விளக்கைக் கொளுத்தி எதையாவது சூடாக்கிக்கொண்டே இருப்பார்கள். ஆசிரியைகளுக்கான கழிப்பறையோ தரைத் தளத்தில். ஒரு தடவை இறங்கி ஏறினால் அடுத்த மணி அடித்துவிடும். அதனால் அந்தப் பள்ளியில் ஆசிரியைகள் தண்ணீர் குடிப்பதில்லை. பெரியவளும் குடிப்பதில்லை. பதினோரு வருஷப் பழக்கம், பிள்ளை வந்ததும் மாறிவிடுமா என்ன?

ஸ்கேன் எடுத்த டாக்டரம்மா திரையைப் பார்த்துக்கொண்டே நெற்றியைச் சுருக்கினார்.

"பனிக்குடத் தண்ணி கம்மியா இருக்கேம்மா. வயித்த நாலு கட்டமாப் பிரிச்சு, ஒவ்வொண்ணுலயும் தண்ணி எவ்வளவு ஆழம்னு அளந்து கூட்டுவோம். உங்களுக்கு ஏழு வருது."

"எவ்வளவு இருக்கணும் டாக்டர்?"

"எட்டு, ஒன்பதுக்கு மேல இருந்தா நான் கவலப்பட மாட்டேன். வெயில் காலத்துல நெறைய பேருக்கு இப்படி இறங்கும். உடம்புல தண்ணி வத்துனா உள்ளயும் வத்தும். பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுட்டு, நெழல்ல படுங்க. மூணு லிட்டர் தண்ணி குடிங்க. மூணு வாரம் கழிச்சுப் பாப்போம். அஞ்சுக்குக் கீழ போச்சுன்னா பிள்ளைய முன்னாடியே வெளிய எடுக்க வேண்டி வரும்."

முன்னாடியே என்றால் எவ்வளவு முன்னாடி என்று பெரியவள் கேட்கவில்லை. கேட்டால் ஒரு தேதி வரும். தேதி வந்தால் பயம் வரும். ஒன்பது வருஷம் காத்திருந்து கிடைத்த பிள்ளை, விரலளவுத் தண்ணீரில் கிடக்கிறது என்பது மட்டும் அவளுக்குப் புரிந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மாமனார் சாக்பீஸை எடுத்துவிட்டார். "நாலு பாடம், மொத்தம் ஏழு" என்று முணுமுணுத்துக்கொண்டே 'பெரியவள் – 7' என்று எழுதினார். கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. எண்ணைக் கண்டால் எழுதாமல் இருக்க அவரால் முடியாது, அவ்வளவுதான்.

மறுநாள் சின்னவள் போய்விட்டு வந்தாள். கணவனுக்குப் பள்ளியில் ஓட்டப் பந்தயம் என்பதால் தனியாகத்தான் போயிருந்தாள். வந்ததும் ஃபைலை உள்ளே கொண்டுபோய் அலமாரியில் வைத்துவிட்டு, கையை வீசிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"எனக்கு இருபத்திரண்டு மாமா."

"எத்தனை?"

"இருபத்திரண்டு."

மாமனார் கை தட்டினார். உண்மையாகவே தட்டினார். "அடேயப்பா! மூணு மடங்குக்கு மேல! நம்ம சின்னவ முதல் இடம்!" மாமியார் வாயெல்லாம் பல்லாக, "கணக்குல போட்ட முட்டைய இதுல ஈடு கட்டிட்டா" என்றார். கரும்பலகையில் '22' ஏழைவிடப் பெரிதாக விழுந்தது. சின்னவளுக்கு முகம் சிவந்துவிட்டது. அந்த வீட்டில் அவளுக்காக யாரும் கை தட்டி யாரும் பார்த்ததில்லை.

எத்தனை இருந்தால் போதும் என்று டாக்டரம்மா சொன்னதை அங்கே ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை, வேதியியல் படித்தவள் உட்பட. அந்த வீட்டில் எண் என்றால் மார்க். மார்க் என்றால் கூடக் கூட நல்லது. அமிலம் கூடினால் கை வெந்துபோகும் என்று வருஷா வருஷம் பாடம் எடுத்தவள், இருபத்திரண்டைப் பார்த்துப் பொசுங்கிக்கொண்டு நின்றாள்.

லீவு போட்டாயிற்று. இருவரும் நாள் முழுக்க வீட்டில். கூடத்தில் ஒரு பக்கம் பெரியவள் இடது பக்கமாகச் சாய்ந்து படுத்திருப்பாள், எதிர்ப் பக்கம் சின்னவள் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். நடுவில் ஒரே மின்விசிறி. அது தலையை ஆட்டி ஆட்டி இரண்டு பேருக்கும் சமமாகத்தான் காற்று கொடுத்தது. ஆனாலும் சின்னவள் பக்கம் அது கொஞ்சம் தாமதிக்கிறது என்று பெரியவளுக்குத் தோன்றியது. இரண்டு நாள் மணி பார்த்துச் சரிபார்த்தாள். தாமதிக்கவில்லை. அதற்காக எரிச்சல் குறையவும் இல்லை.

சின்னவள் தண்ணீர் குடிப்பதுதான் தாங்க முடியாததாக இருந்தது. அண்ணாந்து, கண்ணை மூடி, மடக் மடக்கென்று ஒரு முழு டம்ளர். குடித்து முடித்து 'ஹா' என்று ஒரு பெருமூச்சு. அரை மணி நேரத்தில் மறுபடி ஒன்று. மாமியார் வருகிறவர்களிடமெல்லாம், "எங்க சின்னவளப் பாருங்க, சொல்லவே வேண்டாம், தானாக் குடிப்பா. அதான் இருபத்திரண்டு" என்று சொல்லிவிட்டுப் பெரியவள் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார். பெரியவளுக்கோ இரண்டு டம்ளர் உள்ளே போனாலே குமட்டியது.

முதல் வாரத்திலேயே பெரியவள் எண்ண ஆரம்பித்துவிட்டாள். பரீட்சை ஹாலில் நின்று நின்று பழகிய கண். எதிரே இருப்பவள் கையை எங்கே கொண்டுபோகிறாள் என்பது பார்க்காமலே தெரியும். பாடக்குறிப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டாள். டம்ளருக்கு ஒரு கோடு. கழிப்பறைக்குப் போனால் ஒரு புள்ளி. முதல் நாள் பதினைந்து கோடு, பிறகு பதினாறு, பதினெட்டு. எதற்கு எண்ணுகிறோம் என்று தன்னையே கேட்டுக்கொண்டு, 'எத்தனை குடித்தால் இருபத்திரண்டு வரும் என்று தெரிந்துகொள்ளத்தான்' என்று ஒரு பதிலும் சொல்லிக்கொண்டாள். பொய். அவள் குடிக்கிறாளே என்ற வயிற்றெரிச்சல்தான். அவள் ஒருநாள் குறைத்துக் குடிக்க மாட்டாளா என்ற ஆசைதான்.

இரண்டு வாரம் இப்படியே காய்ந்தது. பிறகு ஒரு மத்தியானம் வானம் இருண்டு, சொல்லாமல் கொள்ளாமல் மழை பிடித்துக்கொண்டது. அன்றைக்குப் பிடித்தது விடவே இல்லை. மூன்றாம் நாள் மின்விசிறியை நிறுத்தினார்கள். ஐந்தாம் நாள் மாமனார் காதுக்குத் துண்டு கட்டிக்கொண்டார். மொட்டை மாடிச் சூடு இறங்கி, சுவரைத் தொட்டால் சில்லென்று இருந்தது. பெரியவளுக்குக் கால் வீக்கம் வடிந்தது, தூக்கம் வந்தது, பிள்ளை நன்றாக உதைத்தது.

மூன்றாவது வார ஸ்கேனுக்குக் கணவன் குடை பிடித்துக் கூட்டிப்போனான். டாக்டரம்மா நாலு கட்டத்தையும் அளந்து கூட்டிவிட்டுச் சிரித்தார்.

"பதினொண்ணு. தப்பிச்சீங்க. சொன்ன மாதிரி தண்ணி குடிச்சீங்களா?"

"குடிச்சேன் டாக்டர்" என்றாள் பெரியவள்.

"மழையும் கை கொடுத்துச்சு. வெயில் இறங்குனதும் இந்த வாரம் வந்த பாதிப் பேருக்கு ஏறியிருக்கு."

நியாயமாக அந்த இடத்தில் அவள் சந்தோஷப்பட்டு எழுந்து வந்திருக்க வேண்டும். பிள்ளை தப்பித்தது. ஆனால் பதினொன்று என்பது இருபத்திரண்டில் சரிபாதி. அந்தக் கணக்கு அவளை உட்கார வைத்தது.

"இருபத்திரண்டு வரணும்னா இன்னும் என்ன டாக்டர் பண்ணணும்?"

"எதுக்கு இருபத்திரண்டு?" டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "கூடக் கூட நல்லதுன்னு யாரு சொன்னா? இது என்ன மார்க்காம்மா? இருபத்தஞ்சைத் தாண்டுனா அதுவும் ஆபத்துதான். சிலருக்குச் சர்க்கரை ஏறுனா இப்படித் தண்ணி கூடும். தாகம் அடங்கவே அடங்காது. வெயில்ல எல்லாரும் குடிக்கறதால வித்தியாசம் தெரியாது. மழை வந்தும் குடிச்சுக்கிட்டே இருந்தாத்தான் தெரியும்."

பெரியவளுக்கு நோட்டின் கடைசிப் பக்கம் கண் முன்னால் வந்தது. மழை பிடித்த நாள் பத்தொன்பது கோடு. மறுநாள் இருபது. நேற்று இருபத்தி நாலு.

அப்போது அவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். மறைக்க என்ன இருக்கிறது, சந்தோஷம்தான். அந்த இருபத்திரண்டு முதல் இடம் இல்லை. அது வியாதி. கை தட்டினார்களே, வியாதிக்குத் தட்டினார்கள். கணவனின் குடைக்குள் நடந்து வரும்போது அவள் சிரித்தாள். பதினொன்று வந்ததற்குச் சிரிக்கிறாள் என்று நினைத்து அவனும் சிரித்தான்.

வீட்டில் மாமனார் ஏழை அழித்துப் பதினொன்று எழுதினார். "பாஸ்" என்றார். அவ்வளவுதான். கை தட்டவில்லை. சின்னவள் மட்டும், "சூப்பர் அக்கா" என்று சொல்லிவிட்டு டம்ளரை எடுத்தாள். அவளுக்கு அடுத்த ஸ்கேன் இன்னும் பத்து நாள் கழித்து. பத்து நாளில் டாக்டரே சொல்லப் போகிறார், நான் ஏன் சொல்ல வேண்டும்? சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்பார்கள். கோடு போட்டேன் என்றால், இந்த வீட்டில் என் பெயர் என்னவாகும்? ஒன்பது வருஷமாகச் சேர்த்து வைத்த நல்ல பெயர் ஒரே நோட்டில் போய்விடும். பெரியவள் அன்று மாலை முழுக்க வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் காலை சமையலறையில் சின்னவள் ஜாடியைச் சாய்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் கொஞ்சம் மேடையில் சிந்தியது. விரல்கள் உப்பியிருந்தன. வெளியே மழை அடித்து ஊற்றிக்கொண்டிருந்தது.

"வாய் ஒரேடியா வறண்டுபோகுதுக்கா. வெயிலு."

"என்ன வெயிலு?" என்றாள் பெரியவள்.

சின்னவள் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. உதடு வெடித்திருந்தது. அந்தப் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது என்பது பெரியவளுக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு முறை கலைந்துபோனபோது கழிப்பறைத் தரையில் தான் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. அப்படி இவளும் உட்கார வேண்டுமா என்று நினைத்தாள். விறுவிறுவென்று உள்ளே போய் நோட்டை எடுத்து வந்தாள்.

"அத்தை, மாமா, ரெண்டு பேரும் கொஞ்சம் வாங்க. இவளுக்குச் சர்க்கரை டெஸ்ட் எடுக்கணும். இன்னைக்கே."

"நல்லா இருக்கறவளுக்கு எதுக்கு?" என்றார் மாமியார்.

"நல்லா இல்ல அத்தை. நேத்து இருபத்தஞ்சு டம்ளர் குடிச்சிருக்கா. பாத்ரூமுக்குப் பதினஞ்சு தடவ. முந்தாநாள் இருபத்தி நாலு டம்ளர். மழை வந்தப்புறம் நம்ம எல்லாருக்கும் தாகம் கொறஞ்சுது, இவளுக்கு ஏறுது."

மாமனார் நோட்டை வாங்கிப் பக்கத்தைப் பார்த்தார். மூன்று வாரக் கோடுகள். அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக எண்ணைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. மாமியார்தான் சொன்னார்.

"அவ குடிக்கற தண்ணிய எண்ணிக்கிட்டா இருந்தே? வாயும் வயிறுமா இருக்கறவள இப்படியா வெறிச்சுப் பாத்துக்கிட்டு இருந்தே? கண்ணு படாம வேற என்ன ஆகும்?"

"ஆமா அத்தை. பொறாமை. வயித்தெரிச்சல். எல்லாம்தான். அப்புறமா உக்காந்து நல்லாத் திட்டுங்க. இப்ப செருப்பப் போடுங்க."

சின்னவள் யாரையும் பார்க்காமல் உள்ளே போனாள். அலமாரியிலிருந்து ஃபைலை எடுத்து வந்து, அதற்குள் நாலாக மடித்து வைத்திருந்த ஒரு சீட்டைப் பிரித்துக் கொடுத்தாள். மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி. 'தண்ணீர் மேல் வரம்பை நெருங்குகிறது. சர்க்கரைப் பரிசோதனை உடனே எடுத்து வரவும்.' கீழே டாக்டரம்மாவின் கையெழுத்து.

"அன்னைக்கே சொன்னாங்க. இங்க வந்தா நீங்க எல்லாரும் கை தட்டினீங்க" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள்.

சர்க்கரை இருநூற்று எழுபது. தண்ணீர் இருபத்தேழு. நேராக ஆஸ்பத்திரிப் படுக்கையில் சேர்த்தார்கள். டாக்டரம்மா மாமியாரைத் தனியே கூப்பிட்டு, இன்னும் பத்து நாள் விட்டிருந்தால் பிள்ளையின் இதயத் துடிப்புக்கு நான் பொறுப்பில்லை என்றார். ஊசி போட்டு, சாப்பாட்டை அளந்து, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை விரலில் குத்திப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் சர்க்கரை பாதிக்கு இறங்கியது. பிள்ளை நன்றாக இருக்கிறது என்றார்கள்.

அன்று மத்தியானம் மொத்த வீடும் கட்டிலைச் சுற்றி நின்றது. மாமியார் தலை வாரிவிட்டார். மாமனார் காற்று படாமல் ஜன்னலைச் சாத்தினார். மூத்த மகன்கூட ஆரஞ்சு உரித்துக் கொடுக்கப் போய் நர்ஸிடம் திட்டு வாங்கினான். பெரியவள் மூலையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அவள் வயிற்றிலும் ஒரு பிள்ளை இருக்கிறது என்பது மூன்று நாளாக யாருக்கும் ஞாபகம் இல்லை. தண்ணீர் கூடினாலும் சின்னவளுக்குத்தான் கைதட்டல், வியாதி என்றாலும் அவளுக்குத்தான் கூட்டம் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்ததும் வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டும் அந்த நினைப்பு போகவில்லை.

எல்லாரும் டீ குடிக்கக் கீழே போனதும் சின்னவள் தலையைத் திருப்பினாள்.

"அக்கா. ஒண்ணு சொன்னா அடிக்கக் கூடாது."

"சொல்லு."

"நீங்க என்னோடத எண்ணிக்கிட்டு இருந்தது எனக்குத் தெரியும். நானும் உங்களோடத எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன்."

பெரியவள் நிமிர்ந்தாள்.

"அஞ்சு. ரொம்பப் போனா ஆறு. அதுக்கு மேல நீங்க ஒருநாளும் குடிக்கல. அத்தை வெச்ச ஜாடி சாயங்காலம் வரைக்கும் முக்காவாசி அப்படியே இருக்கும். எனக்குக் கோடு போடற மும்முரத்துல உங்களுக்கு அது ஞாபகமே இல்ல. டாக்டர் உங்களுக்கு என்ன சொன்னாங்கன்னு எனக்கும் தெரியும். அஞ்சுக்குக் கீழ போனா எடுத்துருவாங்கன்னு. தெரிஞ்சும் சொல்லல. நீங்க குடிச்சு உங்களுக்கு ஏறிட்டா என் முதல் இடம் போயிரும்ல? நீங்களாவது என்னைப் பத்திச் சொன்னீங்க. நான் சொல்லவே இல்லக்கா."

பெரியவளுக்கு ஓங்கி அறையலாம் போல இருந்தது. ஆனால் டாக்டரிடம் குடித்தேன் என்று கூசாமல் சொன்னது தான்தானே? மழை மட்டும் ஒரு வாரம் தள்ளி வந்திருந்தால் தன் பிள்ளை என்ன ஆகியிருக்கும்? வயிற்றில் கை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். உள்ளே அது ஒரு உதை உதைத்தது.

கட்டிலுக்குப் பக்கத்தில் தண்ணீர் ஜாடி இருந்தது. எழுந்து ஒரு டம்ளர் நிறைய ஊற்றி, குமட்டலைப் பொருட்படுத்தாமல், சின்னவளின் முகத்துக்கு நேராக நின்று கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள்.

சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு விரலை நீட்டினாள்.

"ஒண்ணு" என்றாள்.

பெரியவள் இரண்டாவது டம்ளரை ஊற்றினாள்.